புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய டிஸ்க் காணாமல் போனால்: போர்டை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

குடியாத்தத்தில் ஸ்டுடியோ நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவருடைய எடிட்டிங் கம்ப்யூட்டர் பத்தாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் இருப்பது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில், அதாவது கேபிளில் மாட்டும் வகையில். கல்யாண வீடியோக்கள் 2 டிபி ஒன்று, 4 டிபி ஒன்று என இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில். எடிட்டிங் வேகமாக நடக்கட்டும் என்று போர்டிலேயே குச்சி போலச் செருகும் 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி வாங்கி, கடையிலேயே கொடுத்துப் பொருத்தி வந்திருக்கிறார். அன்று முதல் மூன்று தொல்லை. 2 டிபி டிஸ்க் அறவே தெரிவதில்லை. சில நாள் காலையில் ஆன் செய்தால், பூட் ஆக டிஸ்க் இல்லை என்று கருப்புத் திரை வருகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. 4 டிபி டிஸ்க், பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது "டக் டக்" என்று சத்தம் போட்டு நடுவிலேயே மறைந்துபோகிறது. பொருத்திய கடையில் கேட்டால், "ஹார்ட்வேர் கான்ஃப்ளிக்ட், போர்டை மாத்தணும், டேட்டாவுக்கு கியாரண்டி கிடையாது" என்கிறார்களாம். மதர்போர்டை மாற்றலாமா, ஆவணி முகூர்த்தத்தில் எடுத்த வீடியோக்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்கிறார்.

தம்பி, போர்டை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்கவே வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, மூன்று கோளாறு. மூன்றும் ஒரே நாளில் ஆரம்பித்ததால் ஒரே காரணம் போலத் தெரிகிறது. கேபினை, அதாவது கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்த அன்றைக்குப் போர்ட் இடம் மாறியது, கேபிள் அசைந்தது, பவர் லைனில் சுமை கூடியது. ஒவ்வொன்றும் அதனதன் வேலையைக் காட்டுகிறது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இரண்டு கேபிளும் போதும்.

முதல் வேலை, அந்த 4 டிபி டிஸ்க்கை இன்றோடு நிறுத்துவது. "டக் டக்" சத்தம் கேட்கும் டிஸ்க்கில் எடிட்டிங் ஓட்டாதீர்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவரில் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிட்டு, கேபினின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு, அந்த டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றி வையுங்கள். அதைக் கடைசியில் பார்ப்போம். விண்டோஸ் தானாக "டிஸ்க்கைச் சரி செய்யட்டுமா" என்று கேட்டாலும், யாராவது செக் டிஸ்க் ஓட்டச் சொன்னாலும் வேண்டாம். செக் டிஸ்க் ஃபைல் கணக்கைச் சரிக்கட்டும் கருவி, டேட்டாவைக் காப்பாற்றும் கருவி அல்ல. பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அதை விட்டால், பெயரை இழந்த துண்டு ஃபைல்கள்தான் மிஞ்சும்.

அடுத்து, காணவில்லை என்றால் எந்த இடத்தில் காணவில்லை என்று பார்க்க வேண்டும். வேலூரில் என்னிடம் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதைப் பார்க்காமலே வருகிறார்கள். "மை கம்ப்யூட்டர்ல இல்லண்ணா" என்பார்கள். அங்கே இல்லை என்பதற்கு அர்த்தம் மிகக் குறைவு. மூன்று நிலை இருக்கிறது. ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரைக்குள் போங்கள். அங்கே சாட்டா போர்ட் 1, 2, 3, 4 என்று வரிசையாக, எதில் என்ன டிஸ்க் என்று பெயரோடு காட்டும். அங்கேயே இல்லையென்றால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்ட், கேபிள், கரண்ட், இல்லாவிட்டால் டிஸ்க்கே. பயாஸில் இருக்கிறது, ஆனால் விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து திறக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இல்லை என்றால் டிரைவர் அல்லது கன்ட்ரோலர் செட்டிங். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருக்கிறது, மை கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் வெறும் டிரைவ் லெட்டர் பிரச்சினை, அல்லது டிஸ்க் ஆஃப்லைனில் கிடக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கும்போது ஒரு சின்ன ஜன்னல் எட்டிப் பார்த்து, டிஸ்க்கை "இனிஷியலைஸ்" செய்யட்டுமா, அதாவது புது டிஸ்க்காகத் தயார் செய்யட்டுமா என்று கேட்கலாம். புது எஸ்எஸ்டிக்கு அது தேவைதான். ஆனால் கேட்பது எந்த டிஸ்க்கைப் பற்றி என்று அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். 2 டிபி 1863. 4 டிபி 3726 பக்கம். 931 தவிர வேறு எண்ணுக்கு அந்தக் கேள்வி வந்தால் கேன்சல். உள்ளே இருப்பது புரியவில்லை என்ற அர்த்தத்தில் "ரா" என்று காட்டினாலும், ஃபார்மட் செய்யவா என்று கேட்டாலும் அதே பதில்தான். பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு ரெக்கவரிக்குச் சென்னை போனவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

இப்போது உங்கள் 2 டிபி. இது பயாஸிலேயே தெரியாது என்று பந்தயமே கட்டுவேன். காரணம் புது எம்.2 ஸ்லாட்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் கான்ஃப்ளிக்ட் என்றால் அது நிஜமான மோதல். ஒவ்வொரு கார்டும் ப்ராசஸரைக் கூப்பிட ஐஆர்கியூ என்ற எண் வேண்டும். மொத்தம் 16 எண்கள், பூஜ்யம் முதல் 15 வரை. 14-உம் 15-உம் அந்தக் கால டிஸ்க்குகளின் ஐடிஇ சேனல்களுக்கு, 5 பெரும்பாலும் சவுண்ட் கார்டுக்கு. இரண்டு கார்டு ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் இரண்டுமே வேலை செய்யாது. ஹார்ட் டிஸ்க்கில் மாஸ்டர், ஸ்லேவ் என்று குட்டி ஜம்பரைக் குறடால் பிடுங்கிப் பிடுங்கி மாற்றுவோம். அந்தத் தலைவலி எல்லாம் இன்று இல்லை. எண் ஒதுக்குவதை பயாஸும் விண்டோஸும் தாங்களே பேசி முடித்துக்கொள்கின்றன. எப்போதாவது டிவைஸ் மேனேஜரில் "கோட் 12" என்று மஞ்சள் முக்கோணத்தோடு வந்தால் மட்டும்தான் பழைய அர்த்தத்தில் இடப் பற்றாக்குறை. ஒரு டிஸ்க் கூடுதலாகப் போட்டதற்கு அது வருவது அபூர்வம்.

இன்றைய சிக்கல் வழி பற்றாக்குறை. பத்தாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரிலிருந்து நேராக வரும் 16 லேனும் (தகவல் போகும் தடங்கள்) கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விடுகிறது. எம்.2-க்கு என்று தனியாக 4 லேன் ப்ராசஸரிலிருந்தே கிடைக்க ஆரம்பித்தது பதினோராம் தலைமுறையில்தான். ஆகவே உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் சிப்செட்டிலிருந்து, அதாவது போர்டில் இருக்கும் துணைச் சிப்பிலிருந்து வருகிறது. சிப்செட்டில் சில லேன்களை சாட்டாவாகவும் வைத்துக்கொள்ளலாம், பிசிஐ எக்ஸ்பிரஸாகவும் வைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த போர்டு செய்பவர்கள் ஒரே லேனை ஒரு சாட்டா போர்ட்டுக்கும் எம்.2 ஸ்லாட்டுக்கும் சேர்த்து இழுத்துவிடுவார்கள். எம்.2-இல் எதுவும் இல்லாதவரை சாட்டா போர்ட் உயிரோடு இருக்கும். குச்சியைச் செருகியதும் அந்தப் போர்ட் அணைந்துவிடும். காட்பாடி ஜங்ஷனில் ஒரு பிளாட்பாரத்தில் ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அடுத்த வண்டிக்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான். வண்டிக்கும் பழுதில்லை, பிளாட்பாரத்துக்கும் பழுதில்லை.

எந்தப் போர்ட் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். சிலவற்றில் சாட்டா வகை எம்.2 போட்டால்தான் அணையும், பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் ஓடும் என்விஎம்இ வகை போட்டால் அணையாது. வேறு சிலவற்றில் நேர்மாறு. சிலவற்றில் இரண்டு போர்ட் சேர்ந்தே போகும். ஆகவே யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். போர்டின் மாடல் பெயர் பெரும்பாலும் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அதைப் போட்டு, தயாரிப்பாளர் தளத்திலிருந்து மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜ் பகுதியில், நட்சத்திரக் குறி போட்டு, யாரும் படிக்காத பொடி எழுத்தில் அந்த ஒற்றை வரி இருக்கும்.

உங்கள் எம்.2 எந்த வகை என்றும் பாருங்கள். அதன் தங்க நிறப் பற்களில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனால் இரண்டு வெட்டு உள்ள என்விஎம்இ-யும் உண்டு என்பதால் ஸ்டிக்கரில் போட்டிருப்பதுதான் இறுதி. சாட்டா வகையைக் கொடுத்திருந்தார்கள் என்றால் அது உங்கள் பழைய 240 ஜிபியைவிட வேகமில்லை. எடிட்டிங் வேகத்துக்காக வாங்கியவருக்கு அதை விற்றிருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்வதே சரி.

தீர்வு எளிது. போர்டில் ஒவ்வொரு சாட்டா போர்ட்டுக்குப் பக்கத்திலும் எண் அச்சாகி இருக்கும். டார்ச் அடித்தால் தெரியும். தூசியைத் துடைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். 2 டிபியின் டேட்டா கேபிளை அணைந்துபோன போர்ட்டிலிருந்து கழற்றி, இப்போது காலியாக இருக்கும் 4 டிபியின் போர்ட்டில் மாட்டுங்கள். பவர் கேபிளைத் தொட வேண்டாம். பயாஸுக்குப் போங்கள். 2 டிபி பெயரோடு வந்து நின்றால் உங்கள் வீடியோக்கள் அப்படியே இருக்கின்றன. வராவிட்டால் இன்னொரு சோதனை: எம்.2 குச்சியைக் கழற்றிவிட்டு, பழைய போர்ட்டிலேயே 2 டிபியை மாட்டிப் பாருங்கள். அப்போது வந்தால் லேன் பங்கீடுதான். அப்போதும் வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் பவர் கனெக்டரை.

கேபிள் என்றதும் அலட்சியமாக நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பு சாட்டா கேபிள் மலிவான பொருள், ஆனால் ஆளை அலைக்கழிக்கும் பொருள். பூட்டுத் தகடு இல்லாத கேபிள், பக்கத்தில் கை பட்டாலே அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பார்த்தால் மாட்டியிருப்பது போலத்தான் இருக்கும். எம்.2 ஸ்லாட் பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருப்பதால், அதைப் பொருத்துபவர் கார்டைக் கழற்றி, கேபிள்களை ஒதுக்கித்தான் வேலை செய்திருப்பார். ஒதுக்கிய கேபிள் எல்லாவற்றையும் மறுபடி அழுத்திவிட்டாரா என்பது அவருக்கே தெரியாது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள்.

சரி, காலையில் வரும் கருப்புத் திரைக்கு வருவோம். இதில் எனக்கு முதல் சந்தேகம் போர்டில் இருக்கும் அந்த வட்ட பேட்டரி மேல். சிஆர்2032, 3 வோல்ட். அது செத்திருந்தாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை தெரியாது. ராத்திரி ஸ்டுடியோவைப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவீர்கள் அல்லவா? அப்போது பயாஸ் தன் செட்டிங்குகளை மறந்துவிடும். காலையில் பூட் வரிசை கலைந்து, காலி எஸ்எஸ்டியைத் தேடிப் போய் முழிக்கும். கம்ப்யூட்டரில் மணியும் தேதியும் அடிக்கடி தப்பாகக் காட்டினால் இதேதான். பேட்டரியை மாற்றிவிட்டு, பயாஸில் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதை முதலில் வைத்து, சேவ் செய்து வெளியே வாருங்கள்.

அங்கே இருக்கும்போது இரண்டை மட்டும் தொடாதீர்கள். ஒன்று, டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா மோடு. ஏஎச்சிஐ என்றிருப்பதை ரெய்டு என்றோ, ரெய்டு என்றிருப்பதை ஏஎச்சிஐ என்றோ மாற்றினால், விண்டோஸ் பூட் டிஸ்க்கையே திறக்க முடியாமல் நீலத் திரையில் விழும். இன்னொன்று, பழைய முறையில் பூட் ஆக விடும் சிஎஸ்எம். பழைய முறையில் போட்ட விண்டோஸ் என்றால் அதை அணைத்ததும் பூட் ஆகாது. புது முறையில் போட்டது என்றால் அதை ஆன் செய்து குழப்பிக்கொள்ளத் தேவையே இல்லை. பேட்டரி செத்து, செட்டிங் தானாக மாறியிருந்தால் மட்டும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். விண்டோஸ் 11 ஓடுகிறது என்றால் பயாஸில் கை வைப்பதற்கு முன், டிஸ்க் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் மாற்றம் செய்த பிறகு அது திடீரென்று அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த நேரத்தில் பாஸ்வேர்டு மறந்துபோன ஈமெயிலைத் தேடுவது பெரிய கொடுமை.

பூட் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு மூன்று டிஸ்க் மாட்டியிருந்தால், விண்டோஸ் ஒரு டிஸ்க்கிலும் அதைக் கிளப்பும் சின்னப் பார்ட்டிஷன் வேறு டிஸ்க்கிலும் போய் உட்கார்ந்துவிடுவது உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் "ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்" எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். சி டிரைவ் இருக்கும் டிஸ்க்கிலேயே இருந்தால் நல்லது. வேறு டிஸ்க்கில் இருந்தால், அந்த டிஸ்க் என்றைக்கு மக்கர் செய்கிறதோ அன்றைக்கு நல்ல விண்டோஸும் எழுந்திருக்காது.

இனி 4 டிபி. நீங்கள் சொன்ன மூன்றில் எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் "டக்" என்று அடிப்பதற்குப் பொதுவாக இரண்டு காரணம். கரண்ட் சட்டென்று குறைந்து, தட்டைப் படிக்கும் ஹெட் ஒதுங்கித் திரும்புகிறது. அல்லது ஹெட்டோ தட்டோ கெட்டுப்போய், படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. முதலாவது சில நூறு ரூபாய்க் கனெக்டரில் முடியக்கூடும். இரண்டாவது ரெக்கவரி லேபில்தான் முடியும்.

மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அதிகம் கரண்ட் இழுக்காது, 5 முதல் 8 வாட் பக்கம். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை கேட்கும். உங்களிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு சாட்டா எஸ்எஸ்டி. கேபினைத் திறந்து, இவை எல்லாம் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து வரும் ஒரே பவர் கேபிளில் மாலை போல் கோத்திருக்கின்றனவா, நடுவில் ஸ்ப்ளிட்டர் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நாலு முள் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கனெக்டர்களில், வார்ப்பு பிளாஸ்டிக்கில் ஒயரை மூடியிருக்கும் மலிவு வகை ஒன்று இருக்கிறது. அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகி உருகி, எரிந்தும் போயிருக்கிறது. கனெக்டர் பழுப்பு நிறமாக மாறியிருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ பிடுங்கி எறியுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு வெவ்வேறு கேபிளிலிருந்து நேராகப் பவர் கொடுங்கள்.

கேபினோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் மேலே ஒட்டியிருக்கும் அந்த எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் உண்மையில் உங்களுக்கு உதவும் வாட். புதிதாக வாங்க நேர்ந்தால் கேபிள் கழற்றி மாட்டும் வகையா என்று பார்த்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் மாட்டிவிடாதீர்கள். டிஸ்க் பக்க முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் முள் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டினால் அழகாகப் பொருந்தும், ஆன் செய்ததும் எல்லா டிஸ்க்கும் ஒரேயடியாகப் போகும்.

கரண்ட்டா, டிஸ்க்கா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தனிப் பவர் கேபிள், புது சாட்டா கேபிள் போட்டு, 4 டிபியை மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். மேலே "குட்" என்று நீலத்தில் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். கீழே உள்ள பட்டியலில் இடது ஓரத்தில் 05, சி5, சி6, சி7 என்ற வரிசைகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கிய செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்து, சி7 மட்டும் எண் காட்டினால் டிஸ்க்கின் தட்டு இதுவரை நன்றாக இருக்கிறது, கேபிளில்தான் தகவல் சிதைகிறது என்று பொருள். சி7 ஏறியது இறங்காது. கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறாமல் நின்றால் போதும். கம்ப்யூட்டரை ஒழுங்காக ஷட் டவுன் செய்தும் சி0 என்ற வரிசை அடிக்கடி ஏறிக்கொண்டே போனால், ஓட்டத்தின் நடுவில் கரண்ட் அறுபடுகிறது. இந்த எண்கள் முதலில் பதினாறடிமான எண்ணாகத்தான் தெரியும். மெனுவில் ரா வேல்யூவை டெசிமலுக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள், இல்லாவிட்டால் 10 என்று இருப்பது உண்மையில் 16.

இன்னொரு சாட்சி, நடந்ததை எல்லாம் விண்டோஸ் எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவர். சிஸ்டம் பகுதியில் டிஸ்க் மறைந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். ஈவென்ட் ஐடி 157 என்றால் டிஸ்க்கை யாரோ பிடுங்கியது போல விண்டோஸுக்குத் தோன்றியிருக்கிறது. பவர், கேபிள் பக்கம் போங்கள். 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. 7 என்றால் கெட்ட பிளாக். அது நிறைய இருந்தால் இனி அந்த டிஸ்க்கை நம்ப முடியாது.

05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம் என்றால் அவசரமான கல்யாண வீடியோவை முதலில் புது எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். டெலிவரி கொடுக்காதவை முதலில், மற்றவை பிறகு. சி5 எண் காட்டினாலும் காப்பி செய்யலாம், ஆனால் ஃபோல்டர் ஃபோல்டராக, ஒரு ஃபைலில் முக்கினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். ஆன் செய்தவுடனே டக் டக் என்று மட்டும் அடித்து பயாஸிலும் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் ஹெட் தட்டைக் கீறக்கூடும்.

உங்கள் தொழிலுக்கென்றே இருக்கும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், அது அடுத்து வரப்போகிறது. டிஸ்க் எல்லாம் வந்த பிறகு எடிட்டிங் மென்பொருளான எடியஸையோ பிரீமியரையோ திறந்தால், பழைய ப்ராஜெக்ட் எல்லாம் ஃபைல் இல்லை என்று கத்தும். பயப்படாதீர்கள். முன்பு ஈ டிரைவாக இருந்த 2 டிபி இப்போது ஜி ஆகியிருக்கும். ஈ என்ற எழுத்தைப் புது எஸ்எஸ்டியோ கார்டு ரீடரோ பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கிளிப்பாக ரீலிங்க் செய்ய உட்காராதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது எஸ்எஸ்டிக்கு எஸ் போல யாரும் தொடாத எழுத்தைக் கொடுத்து, 2 டிபிக்கும் 4 டிபிக்கும் அவற்றின் பழைய எழுத்தைத் திருப்பிக் கொடுங்கள். ப்ராஜெக்ட் தானாக ஒட்டிக்கொள்ளும். எந்த டிஸ்க்குக்கு எந்த எழுத்து என்று நினைவில்லையென்றால், ப்ராஜெக்ட் காணவில்லை என்று காட்டும் ஃபைலின் பாதையிலேயே அது இருக்கும்.

புது எஸ்எஸ்டியில் காப்பி செய்யும்போது முதலில் பறந்து, கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டால் அதையும் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்திருக்கும். நூறு ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் தள்ளினால் அது நிரம்பி வேகம் இறங்கும். இன்னொரு காரணம் நம் ஊர் வெயில். கத்திரியில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஏசி இல்லாத ஸ்டுடியோவில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் புழுங்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி எழுபது, எண்பது டிகிரிக்குப் போய், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் வெப்பம் தெரியும். மேலே போடும் அலுமினியத் தகட்டுக்கு அடியில் இருக்கும் பேடில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைகளில் இது எவ்வளவு சாதாரணம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். குச்சியின் மறுமுனையில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்க வேண்டும். அது இல்லாமல் செல்லோ டேப் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதே தொல்லையோடு வேறு மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. 2014-க்கு முந்தைய போர்டில் அடாப்டர் கார்டு வழியாக என்விஎம்இ போட்டால் டேட்டா டிஸ்க்காக ஓடும், அதிலிருந்து பெரும்பாலும் பூட் ஆகாது. விண்டோஸ் 7-க்குத் தானாக என்விஎம்இ தெரியாது, அதற்கென்று தனி ஹாட்ஃபிக்ஸ் வேண்டும். பதினோராம் தலைமுறை முதல் வந்த இன்டெல் மெஷின்களில், லேப்டாப்பில் குறிப்பாக, புதிதாக விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே இல்லை என்று காட்டினால் டிஸ்க் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து லோட் செய்ய வேண்டும். 2 டிபிக்கு மேல் உள்ள டிஸ்க்கை பழைய எம்பிஆர் முறையில் இனிஷியலைஸ் செய்தால் மிச்ச இடம் பயன்படாது, புதிய ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிரித்து உள்ளே மாட்டி அது சுழலவே இல்லை என்றால், சாட்டா பவரின் மூன்றாவது முள்ளில் வரும் 3.3 வோல்ட் அதை அணைத்து வைத்திருக்கலாம். புதிய வகை டிஸ்க்குகள் சிலவற்றில் அந்த முள்ளுக்குக் கரண்ட் வந்தால் "தூங்கு" என்று அர்த்தம்.

உங்கள் மெஷினுக்குத் திரும்பினால், நான் செய்யும் முறை இது. பழைய சிஸ்டம் எஸ்எஸ்டி 240 ஜிபியை வைத்துக்கொண்டு போர்ட்டுக்கு அல்லாடுவதைவிட, விண்டோஸைப் புது எம்.2-வுக்கே குளோன் செய்து, அதாவது அச்சு அசலாக நகல் எடுத்து மாற்றிவிடுவேன். ஒரு சாட்டா போர்ட் மிச்சமாகும், ஒரு பவர் கனெக்டரும் மிச்சமாகும், விண்டோஸும் வேகமாகும். ஆனால் அது 2 டிபி, 4 டிபி இரண்டின் கதையும் தெளிவான பிறகுதான். குளோன் முடிந்ததும் முதல் முறை பூட் செய்யும்போது பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் ஒரே டிஸ்க் அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். எதிலிருந்து பூட் ஆனது என்றே தெரியாமல் பழையதில் வேலை செய்துகொண்டிருப்பீர்கள்.

அப்படியும் போர்ட் போதவில்லை என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சாட்டா கார்டு ஒன்று போதும், போர்டு விலையில் சிறு பங்குதான். ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டியதில்லை, வேலூரிலேயே கிடைக்கும். வாங்குவதற்கு முன் போர்டின் மாடல் பெயர், பயாஸில் சாட்டா பட்டியல் தெரியும் திரை, டிஸ்க் மேனேஜ்மென்ட் திரை, கேபினுக்குள் பவர் கேபிள் போகும் வழி, இந்த நான்கையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 4 டிபியின் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரை கிடைத்தால் அதை முதலில் அனுப்புங்கள்.